சைக்கிளுக்கு எது வழி?

பள்ளத்தாக்கின் பாதைகள் – 17

1934-ஆம் வருடம் டிசம்பர் மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று லண்டனில், இன்னொன்று டெல்லியில். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இன்றைக்குச் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே புத்தகப் பையோடு சைக்கிள் மிதிக்கும் பிள்ளையின் உயிரோடு இரண்டுக்குமே சம்பந்தம் உண்டு. அதனால்தான் போடி ரயிலின் கதையைப் போன வாரத்தோடு நிறுத்திவிட்டு, இந்த வாரம் அந்த டிசம்பரிலிருந்து தொடங்குகிறேன்.

லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்று ஒரு புது நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். அதன் இரு ஓரத்திலும் எட்டரை அடி அகலத்தில், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை அமைத்து, டிசம்பர் 14 அன்று போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா திறந்துவைத்தார். அதே மாதம் டெல்லியில் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பிறந்தது. இந்த நாட்டில் ஒரு ரோடு எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும், வளைவு எப்படித் திரும்ப வேண்டும், ஓரத்தில் எவ்வளவு மண் விட வேண்டும் என்றெல்லாம் விதி எழுதுகிற பொறியாளர்களின் அமைப்பு அது. தேனியில் போடும் ரோடும் அந்த விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது.

அப்போது தேனி, அல்லிநகரத்தை ஒட்டி ரயிலாலும் சந்தையாலும் வளரத் தொடங்கியிருந்த சின்ன ஊர். ரயில் வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. பெரியாறு அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாயத் தொடங்கி நாற்பது வருடம் ஆகப்போகிற நேரம். ரோட்டில் மாட்டுவண்டியும் நடையும்தான் அதிகம்.

புதுப் பாதையை லண்டன் சைக்கிள்காரர்கள் மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் செத்திருந்தார்கள். தனிப்பாதை கிடைத்தால் வேண்டாம் என்பார்களா? வேண்டாம் என்றார்கள். 1878-இல் தொடங்கிய சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற அவர்களுடைய பெரிய சங்கமே எதிர்த்து நின்றது. சாலை எல்லோருக்கும் பொது. ஆளை அடித்துக் கொல்வது மோட்டார். கொல்கிறவனின் வேகத்தை அடக்காமல், சாகிறவனை ரோட்டை விட்டு இறக்குவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். இன்று விருப்பம் இருந்தால் போ என்று பாதையைக் கொடுப்பவர்கள், நாளை அதில்தான் போக வேண்டும் என்று சட்டம் போடுவார்கள் என்றும் எச்சரித்தார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் அதே 1934-இல் வந்த சாலைச் சட்டம், சைக்கிள் பாதை உள்ள இடத்தில் சைக்கிள் அதில்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மோட்டார் வேகமாகப் போவதற்கு வழி ஒதுக்குவதே அங்கே நோக்கம். அந்தக் கட்டாயம் தளர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனிலும் 1939-இல் பிரபுக்கள் சபையின் ஆல்னஸ் குழு, நல்ல பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள்காரர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. போர் வந்ததால் அந்தப் பரிந்துரை கிடப்பில் போயிற்று.

ஆக, தனிப்பாதையா பொதுச்சாலையா என்ற வழக்கு தொண்ணூறு வருடப் பழசு. இதில் நான் முதலில் பார்ப்பது பாதையின் அகலத்தையோ நிறத்தையோ அல்ல. யாருடைய வசதிக்காக அந்தப் பாதை போடப்படுகிறது? இதைக் கேட்காமல் எந்த நாட்டு உதாரணத்தை எடுத்தாலும் நமக்குத் தப்பான பாடமே கிடைக்கும்.

நம் பக்கம் சைக்கிள் பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949-இல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. வடக்கே அட்லஸும் ஹீரோவும் கிளம்பின. அதன்பின் முப்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கில் ஒரு பெரும்பகுதி சைக்கிள் கேரியரில்தான் ஏறியது. பால்கேன், புல்லுக்கட்டு, வாழைத்தார், தக்காளிக் கூடை, ஐஸ்பெட்டி, பாத்திர வியாபாரியின் மூட்டை எல்லாம் அதில் போயின. தேனிப் பஞ்சாலைகளில் ஷிப்டு முடிகிற சங்கு ஊதினால் கேட்டிலிருந்து வெளியே வருவது சைக்கிள்தான். சொந்தமாக வாங்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை ஒவ்வொரு ஊரிலும் இருந்தது. மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும். குரங்குப் பெடல் பழகிய பிள்ளைகள் அந்த நம்பரை வைத்தே நல்ல சைக்கிள் எது, செயின் கழலுகிற சைக்கிள் எது என்று சொல்லிவிடுவார்கள்.

ரோட்டில் போக சைக்கிளுக்கு வரி கட்டிய காலம் அது. நகராட்சிக்குப் பணம் கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். சைக்கிள்காரர் ரோட்டுக்குக் காசு கொடுக்காமல் போகிறவர் என்று இன்று காரில் இருந்துகொண்டு சொல்பவர்களுக்கு அந்த வில்லையின் கதை தெரிய வேண்டும். சைக்கிளைப் பதிவுசெய்து, வரி வாங்கி, விதி போட்டு, ரோட்டின் முழு உரிமையுள்ள வண்டியாகத்தான் அன்றைய அரசு நடத்தியது.

பொதுச்சாலை அப்போது பொதுவாகவே இருந்தது. மாட்டுவண்டி வேகத்துக்கும் சைக்கிள் வேகத்துக்கும் பெரிய தூரமில்லை. பஸ் எப்போதாவது வரும், ஹாரன் அடிக்கும், ஒதுங்குவார்கள். ரோட்டை விட்டால் வண்டிப்பாதைகளும் வாய்க்கால் கரைகளும் இருந்தன. முல்லையாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் கரையில் வயலுக்குப் போகிறவர் சைக்கிளை மிதித்தோ தள்ளிக்கொண்டோ போவார். யாரும் திட்டம் போட்டுக் கொடுக்காத தனிப்பாதைகள் அவை.

1962-இல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சைக்கிளுக்காகவே ஒரு விதிப்புத்தகம் வெளியிட்டது. அதன் எண் ஐ.ஆர்.சி. 11. இந்தத் தொடருக்காக நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இந்தச் சிறு புத்தகம்தான். எப்போது தனிப்பாதை போட வேண்டும் என்று அது கணக்கோடு சொல்கிறது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் 400 சைக்கிளுக்கு மேல் போகிறதா, அதே ரோட்டில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் ஓடுகின்றனவா? அப்படியானால் தனிப்பாதை போடு. மோட்டார் வண்டி 200-ஐத் தாண்டிவிட்டால், சைக்கிள் வெறும் 100 இருந்தாலே தனிப்பாதை போடுவது நியாயம். பாதை குறைந்தது இரண்டு மீட்டர் அகலம் இருக்க வேண்டும்.

மணிக்கு 200 என்றால் நிமிடத்துக்கு மூன்று வண்டி, கொஞ்சம் கூட. தேனி நேரு சிலையில் மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் கம்பம் ரோடும் வந்து கூடுகிற இடத்தில் இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம், அது பொருந்தாத அளவுக்கு வண்டி பெருத்த இடம். ஏதாவது ஒரு சிற்றூரின் பஸ் ஸ்டாப்பில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு மூன்று மோட்டார் என்ற அளவு கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போயிருக்கும். அறுபது வருடத்துக்கு முன் நம் பொறியாளர்களே எழுதிய கணக்குப்படி, பெரிய பள்ளிக்கூடம் உள்ள பல ஊர்களின் ஓரத்தில் தனிப்பாதைக்கு வழக்கு இருக்கிறது. திண்டுக்கல் முதல் குமுளி வரை போகிற பெரிய ரோட்டில் அப்படி ஒரு பாதையைக் காட்ட முடியாது.

விதி இருந்தும் பாதை வரவில்லை. ஏன் என்பதற்கு ஒரு காரணம் 1980-இல் கிடைக்கிறது. அந்த வருடம்தான் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது. பால்காரரும் விவசாயியும் சிறு வியாபாரியும் ஒவ்வொருவராகச் சைக்கிளை விட்டு அதில் ஏறினார்கள். அதே வாழைத்தார், அதே புல்லுக்கட்டு, மிதிக்க வேண்டிய வேலை மட்டும் இல்லை. வெயிலில் பத்து மைல் மிதித்தவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ரோட்டைப் பற்றிப் பேசக்கூடிய, சங்கமும் வாக்கும் கையில் உள்ள பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். சைக்கிளில் மிச்சம் இருந்தவர்கள் பிள்ளைகள், வயதானவர்கள், மொபெட்டுக்கு வழியில்லாதவர்கள். அவர்கள் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் ஏறுவதில்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நெதர்லாந்தில் கதை வேறு பக்கம் திரும்பியது. அங்கேயும் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, காருக்காக ஊர்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேல் செத்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன தன் சின்ன மகளை இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹோஃப், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் 1972-இல் எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. 1975-இல் சைக்கிள்காரர் சங்கம் பிறந்தது. டில்பர்க்கிலும் தி ஹேக்கிலும் அரசுச் செலவில் மாதிரிப் பாதைகள் போட்டார்கள். டெல்ஃப்ட் நகரம் ஊர் முழுக்கப் பாதையை வலையாகப் பின்னியது.

இந்தப் பாதைகளும் ரோட்டிலிருந்து சைக்கிளைப் பிரித்தவைதான். 1934-இல் லண்டனில் எதிர்ப்பு வாங்கியவற்றுக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம்? கேட்டவர்கள் வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் கேட்டு வாங்கிய பாதை இது. அதனால் குறுக்கு ரோடு வரும்போது பாதை அறுந்து போகவில்லை, அங்கே கார்தான் நின்று வழிவிட வேண்டும் என்று கட்டினார்கள். இன்னொன்றும் செய்தார்கள். வீடுகள் உள்ள தெருக்களில் பாதையே போடவில்லை. டெல்ஃப்டில் தொடங்கிய வோனெர்ஃப் என்ற முறைக்கு 1976-இல் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் கார், ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஊர வேண்டும், குழந்தை நடுத்தெருவில் விளையாடலாம். வேகமான ரோட்டில் பிரி, வீட்டுத் தெருவில் வேகத்தைக் குறைத்துக் கல என்று ஒரே நாடு இரண்டையும் செய்தது. தனிப்பாதைக் கட்சி, பொதுச்சாலைக் கட்சி என்று பிரிந்து நின்று சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் நெதர்லாந்தின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறார்கள்.

பொதுச்சாலைக் கட்சிக்கு உலகம் அறிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். ஜான் ஃபாரஸ்டர், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த பொறியாளர். 1970-களின் தொடக்கத்தில் அவர் ஊரான பாலோ ஆல்டோவில் நடைமேடையைச் சைக்கிள் பாதையாக்கி, சில ரோடுகளில் சைக்கிள்காரர் அதில்தான் போக வேண்டும் என்று விதித்தார்கள். அவர் மறுத்து ரோட்டிலேயே ஓட்டினார். கார் ஓட்டுபவர் எப்படித் தனக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டு, சைகை காட்டி, விதிப்படி ஓட்டுகிறாரோ அப்படியே சைக்கிள்காரரும் ஓட்ட வேண்டும், அதுதான் பத்திரம் என்று 1976-இல் வந்த தன் புத்தகத்தில் வாதிட்டார். 2020-இல் சாகும்வரை அந்த நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. பயிற்சி பெற்ற, உடல் வலுவுள்ள ஆளுக்கு அவர் சொன்னது பொருந்தும். கம்பம் ரோட்டில் முன்கூடையில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு பாவாடையைச் செருகி மிதிக்கிற ப்ளஸ் ஒன் மாணவியிடம் போய், நடுரோட்டைப் பிடித்து ஓட்டு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

எதிரே நிற்கும் தனிப்பாதைக் கட்சியின் பலவீனமும் தெரிய வேண்டும். லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் என்ற புதுநகரத்தில் எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர் 1950-களிலிருந்து அருமையான சைக்கிள் பாதைகளைக் கட்டினார். ரோட்டைக் கடக்கத் தரைக்கடியில் வழி, நல்ல அகலம், நல்ல தளம். ஆனால் அதே ஊரில் காருக்கும் தாராளமாக வழிவிட்டார்கள். எங்கும் நெரிசல் இல்லை, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. ஜனங்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

நம் நாட்டுப் பெருநகரங்கள் இதில் என்ன செய்தன? சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே சாலைகளை வகைவகையாகப் பிரித்து, பின்னால் சைக்கிளுக்கென்றும் ஒரு வகையைச் சேர்த்தார். டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்குத் தனித்தடமும் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதையும் போட்டார்கள். ஐ.ஐ.டி. டெல்லியின் ஆய்வாளர்கள் வகுத்த திட்டம். சைக்கிள் பாதைக்குள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன, கார் வைத்திருந்தவர்கள் தங்கள் இடம் போயிற்று என்று எதிர்த்தார்கள், 2016-இல் தடத்தை உடைக்கத் தொடங்கினார்கள். கொல்கத்தாவில் வழி கொடுப்பதற்குப் பதில், 2013-இல் 174 ரோடுகளில் சைக்கிளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். பால்காரரும் பேப்பர் போடுபவரும் போலீஸுக்கு அபராதம் கட்டினார்கள். சென்னை மாநகராட்சி 2014-இல் நாட்டிலேயே முதலாவதாக நடைக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்று, சாலைப் போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் அதற்கே என்று எழுதியது. நடைமேடைகள் சில நன்றாக வந்தன. சைக்கிள் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளியும் விவசாயக் கூலியும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். 2001-இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய அரசு, பின்னர் அதை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரித்தது. இன்று ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள்கள். 2006-இல் பீகார் இதேபோல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் செய்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள் என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து சொன்னார்கள். பள்ளிக்கூடம் தூரமாக உள்ள ஊர்களில் பலன் இன்னும் அதிகம்.

ஒவ்வொரு வருடமும் ஐந்து லட்சம் புதுச் சைக்கிளைத் தெருவில் இறக்குவது சின்னக் காரியமல்ல. ஆனால் அந்தச் சைக்கிள் எந்த வழியில் போகும் என்று யோசித்த அரசாணை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. கல்வித் துறை சைக்கிள் கொடுக்கிறது, நெடுஞ்சாலைத் துறை ரோடு போடுகிறது. இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு பதினாறு வயசுப் பிள்ளை.

அந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். திண்டுக்கல்–தேனி–குமுளி நெடுஞ்சாலை, இப்போது என்.எச். 183, இருவழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டு, ஓரத்தில் தார் போட்ட சிறு பட்டையோடு இருக்கிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள அந்தப் பட்டைதான் சைக்கிளுக்குக் கிடைத்த இடம். ஊரை நெருங்கினால் அந்தப் பட்டையில் லாரி நிற்கும், இளநீர்க் கடை நிற்கும், பஸ் வந்து ஒதுங்கும். அப்போது சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும். கிராம ரோடுகளில் அந்தப் பட்டையும் கிடையாது. தார்மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்து மண் மழையில் கரைந்து தாழ்கிறது. தாரின் விளிம்பில் அரை சாண், ஒரு சாண் இறக்கம். பின்னால் ஹாரன் கேட்டு முன்சக்கரம் அந்த விளிம்பை விட்டு இறங்கிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்ப மேலே ஏற்ற முடியாது. ஏற்றப் பார்த்தால் சக்கரம் விளிம்பை உரசி, ஹேண்டில்பார் திரும்பி, ஆள் ரோட்டுப் பக்கமாகவே விழுவார்.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் மேகாத்து பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் தேனியிலிருந்து மேற்கே போகும் சைக்கிள் நகராது. ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாகக் காற்றாலை நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். எதிர்க்காற்றில் நின்று மிதிக்கும் பிள்ளையை ஒரு பஸ் தாண்டும்போது காற்று ஒரு கணம் மறைந்து, அடுத்த கணம் முழு வேகத்தோடு அடிக்கிறது. சைக்கிள் ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளாடும். அந்த ஒன்றரை அடி அவளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். சாயங்காலம் பள்ளி விட்டுக் கொஞ்ச நேரத்தில், இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம் மெட்டிலிருந்தும் குமுளி மலையிலிருந்தும் இறங்குகின்றன. ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தாயும் ரோட்டோரம் சைக்கிள் மிதிக்கும் மகளும் ஒரே வீட்டுக்குப் போகிறவர்களாக இருக்கலாம்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். ஊருக்கும் ஊருக்கும் நடுவே, வண்டிகள் அறுபது எழுபதில் ஓடும் இடத்தில், கலந்து போங்கள் என்று சொல்வது கொடுமை. அங்கே தடுப்போடு கூடிய தனிப்பாதை வேண்டும், 1962-இன் கணக்கே அதைச் சொல்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரிய மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து பக்கத்துக் கிராமங்களை நோக்கி மூன்று, நான்கு கிலோமீட்டர் போதும். அந்தத் தூரத்துக்குள்தான் பெரும்பாலான பிள்ளைகள் பிரிந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பாதை ரோட்டை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் கால்வாய்க் கரையும் பி.டி.ஆர். கால்வாய்க் கரையும் சும்மா கிடக்கின்றனவே, அங்கே அழகாகப் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பகலில் வயலுக்குப் போகிறவருக்கு அது நல்ல வழி. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறு மணிக்குத் திரும்பும் பெண்பிள்ளை ஆளரவமற்ற கால்வாய்க் கரையில் போக மாட்டாள், அவளைப் பெற்றவர்களும் விட மாட்டார்கள். விளக்கும் கடையும் மனிதர் கண்ணும் உள்ள ரோடுதான் அவளுக்குப் பாதுகாப்பு. சைக்கிளை ஊருக்குப் பின்னால் ஒதுக்கி அனுப்பும் எந்தத் திட்டமும் 1934-இல் லண்டன் சைக்கிள்காரர்கள் எதிர்த்த அதே திட்டம்தான்.

ஊருக்குள் கதை வேறு. சின்னமனூர் பஜாரிலோ உத்தமபாளையத்திலோ போடியின் கடைத்தெருவிலோ தனிப்பாதைக்கு இடமில்லை, வலிந்து போட்டாலும் காய்கறித் தட்டு அதில் ஏறிவிடும். அங்கே வேகத்தைக் குறைப்பதே வழி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 50-ஐத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. மனிதரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு தீர்மானித்தது. இதற்கு நம்மிடம் ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. பைபாஸ்கள் வந்த ஊர்களில் குமுளி லாரியும் சபரிமலை வேனும் பழைய ரோட்டுக்குள் வர வேண்டிய அவசியமில்லை. பழைய ரோடு ஊர்க்காரர்களுக்கே திரும்பக் கிடைத்திருக்கிறது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே வண்டிகள் எப்படி ஊர்ந்து போகின்றன என்பதை நாம் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். ஆளைக் கண்டால் வண்டி அடங்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் அதே வேலையை வேகத்தடையும் குறுக்கிய தெருமுனையும் உயர்த்திய நடைக்கடவும் செய்யும்.

பைபாஸின் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. பைபாஸ் வயலை வெட்டிக்கொண்டு போகிறது. காலங்காலமாகக் கிராமத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இருந்த வண்டிப்பாதைகள் பல, இப்போது லாரி பறக்கும் ரோட்டைக் குறுக்கே தாண்ட வேண்டியிருக்கிறது. அடியில் குழாய்ப் பாலம் வைத்துத் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கும் மாட்டுக்கும் அப்படி விட்டிருக்கலாம். ஸ்டீவனேஜில் கிளாக்ஸ்டன் செய்தவற்றுள் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தரையடி வழிகளைத்தான்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1989-இன் சாலை விதிகளிலேயே, சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பாதையில் மோட்டார் வண்டி ஏறக்கூடாது என்று எழுதியிருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 138-ஆம் பிரிவில் 1ஏ என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். மோட்டார் இல்லாத வண்டிகளும் நடந்து போகிறவர்களும் பொதுச்சாலையில் போவது பற்றி மாநில அரசே விதி எழுதலாம் என்கிறது அது. கோயம்புத்தூரின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபரில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் எழுதுங்கள் என்று மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அடிபட்டு வந்தவர்களின் எலும்பைச் சேர்த்துவைத்த ஒரு தமிழ் மருத்துவர் போட்ட வழக்கு, சைக்கிளுக்கான விதி வரை வந்து நிற்கிறது.

அந்த உட்பிரிவு இரண்டு பக்கமும் வெட்டும். விதி எழுதுகிறவர் நினைத்தால் சைக்கிளுக்கு வழி ஒதுக்கலாம், நினைத்தால் தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிளே வரக்கூடாது என்றும் எழுதிவிடலாம். கொல்கத்தாவில் அப்படி ஒரு தடை முன்பே வந்தது. பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாம் அந்த ஒரு நெடுஞ்சாலையில் கோத்து நிற்கின்றன. அதில் சைக்கிளைத் தடுத்தால் பிள்ளைகளுக்கு வேறு வழியே கிடையாது. அதனால் விதியின் வரைவு வெளிவரும் நாளில் தேனி மாவட்டத்திலிருந்து ஆட்சேபணையும் ஆலோசனையும் போக வேண்டும். ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் போய் உட்கார வேண்டும். போகும்போது கையில் ஒரு கணக்கு வேண்டும். பள்ளி விடும் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டைத் தாண்டும் சைக்கிள் எத்தனை, ரோட்டில் போகும் மோட்டார் எத்தனை என்று ஒரு வாரம் எண்ணி எழுதினால் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களே எண்ணிவிடுவார்கள். 400-உம் 200-உம் 100-உம் 1962-இலிருந்து விதிப்புத்தகத்தில் காத்திருக்கின்றன.

(அடுத்த வாரம்: கம்பம் மெட்டு ஜீப்புகள்)